எழுத்தாலேயே ஓடும் ஊர்: மட் விளையாட்டை எப்படி ரசிப்பது?

வேலந்தாவளம் பக்கம் நாலு எட்டு நடந்தால் ஃபோனுக்கே குழப்பம் வந்துவிடும், தான் இருப்பது தமிழ்நாட்டிலா கேரளத்திலா என்று. மறையூர், வட்டவடை மலைப்பாதையிலோ பல வளைவுகளில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. வீடியோ சுற்றிச் சுற்றி நிற்கும் இந்த இடங்களில்தான் எனக்கு ஓர் ஆட்டம் பழக்கமானது. அதில் படமே இல்லை. திரைக்கு வருவது ஒவ்வொரு முறையும் சில வரி எழுத்து. ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போகிற அளவுக்கு நெட் இருந்தால் அதுவும் ஓடும். அதன் பெயர் மட்.

வாள், மந்திரம், பூதம், புதையல் எல்லாம் உள்ள ஒரு கற்பனை உலகம். உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் பலர் அதற்குள் இருப்பார்கள். நாம் கட்டளையைத் தட்டச்சு செய்கிறோம். நடப்பதை வாக்கியமாக அது திருப்பிச் சொல்கிறது. இந்த வகையின் மூதாதை 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தார். வெளியாட்கள் தொலைபேசி இணைப்பு வழியாக உள்ளே வர முடிந்தது, ஆனால் நள்ளிரவு தாண்டி, பல்கலைக்கழகக் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும்.

நள்ளிரவு என்றதும் பாலக்காட்டுக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடத்தில் வரிசையாக விளக்கேற்றி, விடிய விடிய நடக்கும் தோல்பாவைக்கூத்து. தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் ராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போன தேவிக்காக ஆடுவது அது. கம்பராமாயணத்தை மலையாள மண்ணில் தமிழிலேயே பாடுவார்கள். பாவை பெரும்பாலும் அசையாது. புலவர் ஒரு பாட்டைச் சொல்வார், பிரித்துப் பொருள் சொல்வார், இன்னொரு புலவர் மடக்கிக் கேட்பார், இவர் பதில் சொல்வார். வெளியே பல இரவுகளில் பார்க்க ஆளே இருக்காது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கூத்தைப் பற்றி 1996-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: திரைக்குப் பின்னால் இருக்கும் புலவர்களே ஒருவருக்கொருவர் ரசிகர்கள். மட் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. பாவை ஆடவில்லையே என்று பார்ப்பவருக்குக் கூத்து பிடிக்காது. பாட்டைக் கேட்பவருக்குப் பிடிக்கும். மட்டிலும் அதே கதைதான்.

ஆகவே முதல் பாடம், அவசரப்படாமல் வாசிப்பது. உள்ளே ஒவ்வோர் இடமும் ஓர் 'அறை'. காடாக இருந்தாலும் அதற்கு அறை என்றுதான் பெயர். மறையூரை ஒருவர் மட்டாக எழுதினால் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பாறைமேல் நிற்கிறாய். நான்கு பலகைக் கல்லை நிறுத்தி ஒன்றை மூடியாக வைத்த முனியறை எதிரே இருக்கிறது. கீழே கரும்புத் தோட்டத்திலிருந்து வெல்லப்பாகு வாசம். வழிகள்: வடக்கு, தெற்கு, மேற்கு." புதியவர் 'வடக்கு' என்று அடித்துவிட்டுப் போய்விடுவார். ருசி தெரிந்தவர் நின்று 'மூடியைப் பார்' என்பார். நன்றாக எழுதிய மட்டில் வர்ணனையில் வந்த பெயர்ச்சொல் எதுவும் வெறும் அலங்காரம் அல்ல. மூடியைப் பார்த்தால் அதில் ஒரு கீறல். கீறலைப் பார்த்தால் ஓர் எழுத்து. இப்படி ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியம் ஒளிந்திருக்கும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளே வரைந்து தரும், ஆனால் கையால் வரைந்த ஊர்தான் மனசில் நிற்கிறது.

இரண்டாவது பாடம், இலக்கணம். சிரிக்காதீர்கள், எனக்கு இதுதான் மட்டின் மிகப் பெரிய அழகு. ஒரு மதுக்கடையில் நீங்கள் ஒருவரை வணங்குகிறீர்கள். உங்கள் திரையில் நீங்கள் வணங்கியதாக வரும். அவர் திரையில், நீங்கள் அவரை வணங்குவதாக வரும். ஓரத்தில் நிற்கும் மூன்றாமவருக்கு, இவர் அவரை வணங்குகிறார் என்று வரும். ஒரே செயலை ஆளுக்கு ஏற்றபடி முன்னிலை, படர்க்கை என்று மாற்றி அந்தந்த நொடியில் எழுதிக் கொடுக்கிறது இயந்திரம். சைகைகளை நாமே எழுதவும் வழி உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கூடும் இடத்தில் வாளை எடுக்காமல் ஒரு மணிநேரம் அப்படியே பேச்சிலும் சைகையிலும் போகும்.

சண்டை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வரிகள் மழையாகக் கொட்டும். முதலில் மூச்சு முட்டும். பிறகு எல்லாவற்றையும் வாசிக்க வேண்டாம் என்று கண் கற்றுக்கொள்ளும், நெரிசல் பேருந்தில் நம் ஊர்ப் பெயர் மட்டும் காதில் விழுவதுபோல. காது என்றதால் சொல்கிறேன், பார்வையற்றவர்கள் நிறையப் பேர் மட் ஆடுகிறார்கள். திரைவாசிப்பான் வரியை வாசிக்க, எல்லோரோடும் அவர்களும் சரிக்குச் சமமாக ஆடுகிறார்கள். படம் போட்ட ஆட்டங்களில் இது அரிது.

எங்கே தொடங்கலாம்? டெர்ரி பிராட்செட்டின் நாவல் உலகத்தில் 1991 முதல் ஓடும் டிஸ்க்வேர்ல்ட் மட் என் தேர்வு. சந்துபொந்துகளின் வர்ணனைக்காகவே போகலாம். நகைச்சுவையில் பாதி பிரிட்டிஷ் குறும்பு, நமக்குத் தப்பிவிடும், பரவாயில்லை. வேகம் வேண்டுபவர்களுக்கு ஆர்ட்வுல்ஃப். நாடகமும் அரசியலும் வேண்டுமென்றால் 1997-ல் தொடங்கிய அக்கேயா. ஆனால் அங்கே காசு செலவழிக்கத் தூண்டும் வழிகள் உண்டு, பையைக் கவனித்துக்கொள்ளுங்கள். கட்டளை எல்லாம் ஆங்கிலம்தான். முப்பது சொல் தெரிந்தால் ஓட்டலாம். மட்லெட் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொண்டால் வசதி.

ஆட்டக்காரர்களைப் பார்ட்டில் 1996-ல் சீட்டுக்கட்டாகப் பிரித்தார்: சாதிக்க வந்தவர் டைமன், சுற்றிப் பார்க்க வந்தவர் இஸ்பேட், பழக வந்தவர் ஆட்டின், மற்றவரை அடிக்க வந்தவர் கிளாவர். நான் இஸ்பேட். நீங்கள் எதுவென்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கிளாவர் என்று தெரிந்தால் வெளியே சொல்லாதீர்கள்.

நம் நேரத்தில் இரவு பத்தரைக்கு மேல் போனால் ஐரோப்பா வேலை முடிந்து வந்திருக்கும், கூட்டம் இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் சில மட்டுகளில் நீங்கள் ஒருவர்தான். அப்போதும் கடைக்காரன் கடையில் நிற்பான், காவலன் ரோந்து போவான், சர்வர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதல்முறை அந்த நேரத்தில் போங்கள். எதையும் கொல்ல வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம். 'லுக்' என்று அடித்துவிட்டு, வருவதை வாய்விட்டு வாசியுங்கள்.