மூன்று பிளக்கின் நிறம்

பிளக் மாற்ற என்ஜின் ஆறியிருக்க வேண்டும். எனவே இது விடிகாலை வேலை. எங்கள் அத்திப்பட்டில் அனல்மின் நிலையமும் துறைமுகத்து நிலக்கரியும் பக்கத்திலேயே இருப்பதால், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது கரித்தூள்தான். ஒயரை உருவியதும் சைக்கிள் பம்பால் பிளக்கைச் சுற்றி நன்றாக ஊதிவிட வேண்டும். சிட்டிகைத் தூசு சிலிண்டருக்குள் விழுந்தாலும் கேடு.

1983இல் வந்த மாருதி 800க்கு மூன்றே பிளக். வாசலில் நிறுத்திக் கைவேலை பழக அதைப்போல வண்டி கிடையாது.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே பழைய பேப்பரில் வைத்துப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பா, என்ஜின் சுகம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஈரப் பிசுக்கு என்றால் ஆயில் ஏறுகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான் இது.

புதியதை மாட்டுவது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். உடனே ஸ்பானரை எடுக்கக் கூடாது. பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகி விரலால் சுற்ற வேண்டும். மரை பிடித்துவிட்டால் சுகமாக இறங்கும். கோணலானால் டியூப்தான் வழுக்கும், அலுமினிய ஹெட்டின் மரை தப்பிக்கும். வாஷர் பதிந்தபின் ஸ்பானரால் அரைச் சுற்று போதும்.

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. பொறி தாவும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால்தான் புதுப் பிளக்கானாலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும் என்கிறேன்.