தலித் எழுத்தில் பெற்றோர்: சுகிர்தராணியும் பாமாவும்

தமிழ் தலித் கவிதைகளில் பெற்றோர் பெரும்பாலும் உழைப்பாகவும் அவமானமாகவுமே வருகிறார்கள். அவர்கள் சிரித்ததும், பிள்ளையை எதிர்த்துப் பேசியதும் குறைவாகவே எழுதப்பட்டுள்ளன.

இராணிப்பேட்டை மாவட்டம் லாலாப்பேட்டையைச் சேர்ந்த சுகிர்தராணியின், பரவலாக மொழிபெயர்க்கப்பட்ட கவிதை ஒன்றில் செத்த மாட்டின் தோலை உரிக்கும்போது மகள் காகம் விரட்டுகிறாள். பறையுடன் தெருவில் வரும் அப்பாவைக் கண்டு முகத்தை மறைத்துக்கொள்கிறாள். பள்ளியில் அப்பாவின் தொழிலையும் வருமானத்தையும் சொல்ல முடியாமல் அடிவாங்குகிறாள். பெற்றவரை எண்ணி வெட்கப்பட்டதை இவ்வளவு நேராகச் சொன்ன கவிதைகள் தமிழில் அரிது. சாதி ஒரு குழந்தையின் மனதுக்குள் என்ன செய்கிறது என்று காட்டுவதே அதன் வலிமை. ஆனால் இறுதியில் மகள் தன் சாதிப்பெயரைத் தானே உரக்கச் சொல்லும்போது கவிதை முழுக்க அவளுடையதாகிவிடுகிறது. அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் நிக்கி ஜியோவானி 1968-ல் ‘நிக்கி ரோசா’ என்னும் கவிதையில் இந்தச் சிக்கலையே எடுத்துக்கொண்டார். தன் வரலாற்றை எழுதப்போகும் வெள்ளையர் வறுமையை மட்டுமே காண்பார்கள், வீட்டுக்குள் இருந்த மகிழ்ச்சி அவர்களுக்குப் புரியாது என்பது அவர் கவலை. அப்பாவின் குடியும் பெற்றோரின் சண்டையும் அக்கவிதையில் மறைக்கப்படவில்லை. அவற்றோடுதான் அந்த மகிழ்ச்சி இருக்கிறது.

தமிழில் இதற்கு நெருக்கமானது கவிதையில் அல்ல, உரைநடையில் கிடைக்கிறது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலில் பாட்டி, நாயக்கர் வீட்டில் உயரத்திலிருந்து ஊற்றப்படும் தண்ணீரைக் கையேந்திக் குடிக்கிறார், மிச்சச் சோற்றை வாங்கி வருகிறார். பேத்தி தடுக்கிறாள். பாட்டியோ அவர்கள் இல்லாமல் நாம் பிழைப்பது எப்படி என்று திருப்பிக் கேட்கிறார். அந்தப் பதில் பேத்தியின் அரசியலுக்கு ஒத்துவராதது. பாமா அதைத் திருத்தாமல் விட்டதனால் பாட்டி வெறும் சாட்சியாகச் சுருங்கவில்லை.

கவிதையையும் உரைநடையையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். சிறிய கவிதையில் பெரியவர்களின் பதிலுக்கு இடமில்லை என்பார்கள். ஜியோவானியின் கவிதையும் சிறியதுதான்.

‘சங்கதி’யில் (1994) வரும் மைக்கண்ணி, அம்மா பிள்ளைபெற்றுக் கிடக்கும்போதெல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் சிறுமி. சிவகாசி வட்டாரத்துக் குழந்தை உழைப்பைப் பற்றி அறிக்கைகள் பல உண்டு. அவற்றில் அவள் ஓர் எண்ணிக்கை மட்டுமே. இங்கே அவள் ஓயாமல் வாயடிக்கிறாள்.