விரும்பினால் சொல்லலாம், சொல்லாவிட்டால் மாதம் 100 டாலர்

அமெரிக்க நிறுவனங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் ‘வெல்னஸ் புரோகிராம்’ பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், குடிப்பழக்கம், தூக்கம் என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ‘உங்கள் ஆரோக்கியத்துக்கு உதவுகிறோம்’ என்று சொல்லும் திட்டங்கள் இவை. எனக்குப் பட்டது இதுதான்: இந்தக் கட்டடம் முழுக்க ‘விருப்பத்தின் பேரில்’ என்ற ஒரே சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல்லோ உள்ளே கோறையாக இருக்கிறது.

முதலில் சட்டம். 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வேலைக்குச் சம்பந்தமில்லாத மருத்துவக் கேள்வியை முதலாளி ஊழியரிடம் கேட்கக் கூடாது. விமான ஓட்டியின் கண்பார்வையைச் சோதிப்பது வேறு, கணக்கரின் ரத்தக் கொழுப்பைக் கேட்பது வேறு. 2008-இல் வந்த ஜினா சட்டம், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்ற விவரத்தையும் கேட்கக் கூடாது என்றது. ஆனால் இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு. ஊழியர் தானாக விரும்பிச் சேரும் ஆரோக்கியத் திட்டம் என்றால் கேட்கலாம். அங்கே பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலை வழியாகத்தான் கிடைக்கிறது. காப்பீட்டுச் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி நிறுவனங்கள் அந்த விலக்கு வழியாக உள்ளே வந்துவிட்டன.

2013-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் செய்ததைப் பாருங்கள். ஊழியர்கள் இணையத்தில் ஒரு நலப் படிவத்தை நிரப்ப வேண்டும், உடல் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பெண்களிடம் கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உண்டா என்றுகூட அந்தப் படிவம் கேட்டது. மறுத்தால் மாதம் 100 டாலர் கூடுதல் கட்டணம். பேராசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். சில வாரங்களிலேயே அபராதத்தை நிறுத்திவைத்தார்கள். பேராசிரியர்களால் கத்த முடிந்தது. அதே வளாகத்தில் தரை துடைப்பவருக்கு அந்த 100 டாலர் எவ்வளவு பெரிய தொகை, அவர் எதை ‘விரும்பி’யிருப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு அபராதம் வரைக்கும் அது ‘விருப்பம்’? 2016-இல் சம வேலைவாய்ப்பு ஆணையம் ஓர் எண்ணைச் சொன்னது: தனிநபர் காப்பீட்டின் மொத்தச் செலவில் 30 சதவீதம். முதியோர் அமைப்பான ஏஏஆர்பி வழக்குப் போட்டது. ஏன் 30 என்பதற்கு ஆணையம் சரியான காரணம் காட்டவில்லை என்று 2017-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் அந்த விதி செல்லாமல் போனது. 2021 ஜனவரியில் ஆணையம் நேர் எதிர்ப் பக்கம் போனது. ஒரு தண்ணீர் பாட்டில், சின்னப் பரிசு அட்டை, அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரைவு விதி வெளியிட்டது. அடுத்த மாதமே அதையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். 30 சதவீதத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் எங்கேயோ மனிதரின் சுதந்திர விருப்பம் இருக்கிறதாம்!

‘ஹிப்பா சட்டம் காப்பாற்றுமே’ என்பார்கள். அது மருத்துவமனைகளையும் காப்பீட்டுத் திட்டங்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டோடு சேராமல் முதலாளி நேரடியாக நடத்தும் வெல்னஸ் திட்டத்தில் கொடுக்கும் தகவலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சரி, இவ்வளவும் கொடுத்து உடம்பாவது தேறியதா? 2019-இல் ஜாமா இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகள், 32,974 ஊழியர்கள். குலுக்கல் முறையில் 20 கிளைகளில் மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். 18 மாதம் கழித்து, உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆக, ஊழியர் கொடுத்த தகவல் நிஜம். பதிலுக்குக் கிடைக்கும் என்ற ஆரோக்கியத்தைத்தான் காணோம்.

2018-இல் மேற்கு வர்ஜீனியா ஆசிரியர்களிடம் கோ365 என்ற செயலியில் சேரச் சொன்னார்கள். சேராவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதல். ஏற்கெனவே சம்பளம் குறைவு என்று புழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய். அரசு செயலியைக் கைவிட்டும் கோபம் அடங்கவில்லை; பிப்ரவரியில் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின.

நமக்கென்ன என்று விட முடியவில்லை. இந்தியாவின் 2011 தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நலத் தகவலைத் தனியாக, நுண்ணுணர்வுள்ள தகவல் என்று வகைப்படுத்தி, எழுத்தில் சம்மதம் கேட்டன. 2023-இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு தனி வகையே இல்லை. போதாததற்கு, அதன் 7-ஆம் பிரிவு ‘வேலை சார்ந்த நோக்கங்களுக்கு’ சம்மதம் இல்லாமலே தகவலைப் பயன்படுத்த முதலாளிக்கு வழிவிடுகிறது. அமெரிக்காவில் சம்மதம் உண்மையா என்று சண்டை போடுகிறார்கள். இங்கே கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

அடுத்த முறை எச்ஆரிடமிருந்து நலப் படிவம் வந்தால் இரண்டு கேள்வியாவது எழுத்தில் கேளுங்கள்: நிரப்பாவிட்டால் என்ன ஆகும்? நான் வேலையை விட்டுப் போன பிறகு இந்தத் தகவல் யாரிடம் இருக்கும்?