கதை முடிந்தாக வேண்டுமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சிறுகதை எழுதினேன். காதுக்குள் குரல் கேட்கும் ஒரு இளைஞன், மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராதவன். கடைசியில் அக்காவோடு பாசார் மாலாமுக்குப் போகிறான், அப்பாம் பாலிக் வாங்கித் தின்கிறான், சிரிக்கிறான். எழுத்துப் பட்டறையில் வாசித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த இளைஞன் என் தம்பி. அப்போது அவனுக்கு 22 வயது. படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அன்னிக்கு நான் வரலையே."

உண்மைதான், அவன் வரவில்லை. சப்பாத்து போட்டுக்கொண்டு வாசலில் அரைமணி நேரம் நின்றான். பிறகு கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். எனக்குத் தெரிந்தேதான் மாற்றினேன். கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே!

உடற்குறையோ மனநோயோ உள்ள இளையோருக்குக் கதை சொல்வதும், அவர்களைக் கதை சொல்ல வைப்பதும் பெரிய துணை என்று இப்போது பரவலாகப் பேசுகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் எந்தக் கதை, யாருக்காக, முடிவை யார் எழுதுவது என்ற கேள்விகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

கனடா சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க் இதய நோயும் புற்றுநோயும் கண்டு மீண்டவர். நோயாளிகள் சொல்லும் கதைகளைப் பற்றி 1995-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் மூன்று வகை சொல்கிறார். முதல் வகையில் நோய் வந்தது, மருந்து சாப்பிட்டேன், பழையபடி ஆகிவிட்டேன். இரண்டாவதில் நோய் ஒரு பயணம், அதிலிருந்து எதையோ கற்றுக்கொண்டேன். மூன்றாவது குழப்பத்தின் கதை. அதில் முன்னும் இல்லை பின்னும் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்று பிறப்பதும் இல்லை. கேட்கிறவர்களுக்குப் பொறுக்காதது இந்த மூன்றாவதுதான். அதனால் சொல்கிறவரை அவசர அவசரமாக முதல் வகைக்கு இழுத்து வந்துவிடுகிறோம்.

எனக்கு இது சட்டென்று புரிந்ததற்கு என் தொழிலும் காரணம். நான் தொழிற்சாலையில் டெஸ்ட் எஞ்சினியர். பழுது எங்கே, காரணம் என்ன, எப்படிச் சரி செய்தோம் என்று எழுதி ரிப்போர்ட்டை மூட வேண்டும். மூடாத ரிப்போர்ட் ஒவ்வொரு மீட்டிங்கிலும் சிவப்பாக நிற்கும். என் சிறுகதையும் அப்படி மூடப்பட்ட ஒரு ரிப்போர்ட்தான். தம்பியின் வாழ்க்கை மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது.

கதையைக் கருவியாகப் பயன்படுத்தும் முறைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது 'சோஷியல் ஸ்டோரி'. பல் மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும், பள்ளி மணி ஏன் அடிக்கிறது என்று ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சின்னக் கதையாக விளக்குவது. இதில் விளக்கும் வரிகள்தான் கூடுதலாக இருக்க வேண்டும், 'இப்படிச் செய்' என்னும் வரிகள் குறைவாக இருக்க வேண்டும். எழுதும் கதைகளில் பாதியாவது பிள்ளை ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பாராட்ட வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி. நல்ல விதி. இதை மறந்துவிட்டு, 'நான் கத்த மாட்டேன், நான் ஓட மாட்டேன்' என்று பிள்ளையின் வாயில் வைத்து எழுதினால் அது கதை கிடையாது. படம் போட்ட பள்ளிக்கூடச் சட்டதிட்டம்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த கதைவழிச் சிகிச்சை இன்னொரு பாதை. சிக்கல் வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்ப்பது அதன் அடிப்படை. காற்சட்டையிலேயே மலம் கழித்துவிடும் ஒரு சிறுவனிடம் வைட் அந்தச் சிக்கலை ஒரு தந்திரக்காரப் பாத்திரமாக்கிப் பேசினார். அது உன்னை எப்போது ஏமாற்றுகிறது, நீ எப்போது அதை ஏமாற்றினாய் என்று கேட்கக் கேட்க, குற்றவாளியாக நின்ற பையன் துப்பறிவாளனாகிவிடுகிறான். இதுவும் கதைதான், ஆனால் அதை நடத்துவது அந்தப் பையன். அப்படியும் 'ஏமாற்றினாய்' என்ற வெற்றிக்காக நாம் காத்திருக்கிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

என்னை அதிகம் மாற்றியது இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சையாளர் நிக்கோலா குரோவ் கொண்டுவந்த 'கதைப் பகிர்வு'. கடுமையான கற்றல் குறைபாடு உள்ளவர்களோடு அன்றாடச் சம்பவங்களைச் சேர்ந்து சொல்வது. பஸ் பழுதானது, டீ கொட்டியது, அவ்வளவுதான். கேள்வி கேட்டுப் பதில் பிடுங்குவதில்லை. பேச முடியாதவர் ஒரு பொத்தானை அழுத்திப் பதிவு செய்த ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அவரும் கதைசொல்லிதான். பாடமும் வேண்டாம், வெற்றியும் வேண்டாம்.

இனி நம் பக்கம் வருவோம். மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) படத்தில் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை கடைசியில் இறந்துவிடுகிறது. அதன் மூலம் மற்றவர்களின் மனம் இளகுகிறது. சின்ன வயதில் டிவியில் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். இப்போது யோசித்தால், அந்தக் குழந்தை இருந்ததே மற்றவர்களை நல்லவர்களாக்கத்தானோ என்று தோன்றுகிறது. டேவிட் மிட்செல், ஷாரன் ஸ்னைடர் இருவரும் 2000-இல் எழுதிய நூலில் இதைத்தான் கதையின் ஊன்றுகோல் என்கிறார்கள். குறையுள்ள பாத்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு கதை நடக்கிறது, அந்தப் பாத்திரம் எங்கும் போவதில்லை. நான் படித்த சில தோட்டக் கதைகளில் வரும் 'பைத்தியக்காரி'க்கும் இதே வேலைதான்.

இதற்கு மாற்றாக நான் காட்டுவது கோபிகிருஷ்ணனை. மனநலத் துறையில் பணிபுரிந்தவர், தானும் மனநலச் சிகிச்சையில் இருந்தவர். அவருடைய 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநல மருத்துவமனைக்குள் இருப்பவர்களைப் பேச விடுகிறது. வாசகனைச் சமாதானப்படுத்த அவர்களில் யாரையும் அவர் குணப்படுத்தி அனுப்புவதில்லை. 'நம்மைப் பற்றி நாம்தான் எழுதணும், மத்தவங்க எழுதக்கூடாதா?' என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் புத்தகம். அடுத்தவரைப் பற்றி எழுதலாம். அவர்கள் சொன்னதை நம் வசதிக்கு வெட்டி ஒட்டக்கூடாது.

கதை சொல்ல வைப்பதில் ஆபத்தும் உண்டு. மலேசியாவில் தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவின் கீழ் குற்றமாக இருந்தது. 2023-இல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதுவரை, 'உன் கதையைச் சொல்' என்று ஒரு இளைஞனை மேடையில் ஏற்றினால், அவன் சொல்வது சட்டப்படி ஒரு வாக்குமூலமாகவும் ஆகியிருக்கலாம். இப்போது சட்டம் மாறிவிட்டது, ஆனால் வேலைக்கு எடுப்பவர்களும் பெண் கொடுப்பவர்களும் மாறிவிட்டார்களா? ஃபோனில் பதிவாகிப் பரவிய கதையைத் திரும்ப வாங்க முடியாது. கைதட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். அவன் அதே தாமானில்தான் நடமாட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பி இன்று ஓரளவு நிம்மதியாகத் தூங்குகிறான் என்றால் அதற்குக் காரணம் மருந்தும், தவறாமல் போகும் கிளினிக்கும். கதை மருந்துக்குப் பதிலாகாது. ஆனால் சாப்பிட்ட பிறகு இருவரும் ஆளுக்கொரு சம்பவம் சொல்கிறோம். போன வாரம் கிளினிக்கில் நம்பர் மெஷின் கெட்டுப்போய், யாருக்கு எந்த நம்பர் என்று ஆளாளுக்குச் சண்டை போட்டதை நடித்தே காட்டினான். நான் சிரித்தேன். 'அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?' என்று கேட்கவில்லை. பழைய அக்காவாக இருந்தால் கேட்டிருப்பேன்.

அந்தச் சிறுகதையைத் திருத்தி எழுதினேன். இப்போது அது வாசலில், சப்பாத்தோடு நிற்கிறது. தம்பி படித்தான். "இது சரிக்கா. ஆனா யாருக்கும் அனுப்பாதீங்க" என்றான். அனுப்பவில்லை. இந்தக் கட்டுரையையும் அவனிடம் காட்டினேன். இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பதுதான் நீங்கள் படித்தது.