வந்தவரும் இருந்தவரும்: அண்ணன்மார் கதையில் படையெடுத்தவர் யார்?

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டில் உடுக்கைப் பாடலாக வழங்கிவரும் அண்ணன்மார் கதை, வேட்டுவரைப் பகைப்படையாகவும் வேளாளரை நிலத்தின் காவலராகவும் காட்டும் வீரகாவியமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வருகிறது. கதை நிகழ்ச்சிகளின் வரிசையை ஊன்றி நோக்கினால் இவ்வாசிப்பு தளர்கிறது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் எவ்வாறு ‘மண்ணுக்குரியவர்’ ஆகின்றனர், முன்பே இருந்தவர்கள் எவ்வாறு ‘படையெடுப்போர்’ ஆகின்றனர் என்பதையே கதை உள்ளூரச் சொல்கிறது. காங்கேயம் வட்டாரத்தில் பதிவான வடிவத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர், கொங்கு, வேட்டுவர், கம்மாளர், குடியேற்றம், உடுக்கைப் பாடல்

முன்னுரை

பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரின் கதைக்கு இருவகைச் சான்றுகள் ஆய்வாளர் கைவசம் உள்ளன. ஒன்று, கவிஞர் சக்திக்கனல் 1971இல் பதிப்பித்த ‘அண்ணன்மார் சுவாமி கதை’. மற்றொன்று, மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி ஆற்றியபோது பதிவுசெய்த வடிவம். பெக் தம் ஆய்வை 1982இல் நூலாக்கினார்; தமிழ்ப் பாடமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவன வெளியீடாக வந்தன. பதிவு நடந்த ஊர் இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. பின்னலாடை நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் இம்மேட்டுநிலமே இக்கதையை இரவுதோறும் விழித்திருந்து கேட்ட மக்களின் நிலம் என்பதை மறந்துவிட்டு இக்காவியத்தை வாசிக்க இயலாது.

இக்கதையைப் பற்றிய எழுத்துகளில் இரு போக்குகள் ஓங்கியுள்ளன. கதையில் வரும் சோழன் எந்தச் சோழன், போர் நடந்த ஆண்டு எது எனத் தேடுவது ஒன்று. குலப்பெருமைக்கான ஆவணமாகக் கதையைக் கொள்வது மற்றொன்று. இரண்டும் வேட்டுவரைப் பகைவராகவே எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. வேட்டுவர் ஏன் பகைவராயினர் என்ற வினாவைக் கதையே எழுப்பி, கதையே விடையும் சொல்லியிருக்க, ஆய்வுகள் அதனைக் கேளாமல் கடந்துபோனமை வியப்புக்குரியது.

கொடையும் வேலியும்

கதை பொன்னர் சங்கரிடமிருந்து தொடங்குவதில்லை. அவர்களின் பாட்டனார் கோளாத்தாக் கவுண்டரிடமிருந்து தொடங்குகிறது. பஞ்சத்தால் இடம்பெயர்ந்த கோளாத்தா, சோழனிடம் உழைத்து நற்பெயர் பெற்று, பொன்னிவள நாட்டை உழுதுகொள்ளும் உரிமையைப் பெறுகிறார். காவியத்தின் முதன்மைக் குடும்பம் அந்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது என்பதை உடுக்கைப் பாடகர் மறைக்கவில்லை. அந்நிலம் வெற்றுநிலமாகவும் இல்லை. பெக் பதிவுசெய்த வடிவத்தில் அங்கே கைவினைஞர் முன்பே வாழ்கின்றனர். அதனை அடுத்த காடு வேட்டுவருடையது. ஆக, சோழன் கொடுத்தது தன் கையில் முழுமையாக இல்லாத ஒன்றை. அரசன் ஒருவன் தொலைவிலிருந்து எழுதிக்கொடுத்த உரிமை, அங்கே இருப்போரின் பயன்பாட்டு உரிமையை ஒரே நாளில் அத்துமீறலாக மாற்றிவிடுகிறது.

இதனைக் கதை ஓர் அரிய படிமத்தால் உணர்த்துகிறது. கோளாத்தா தம் வயலைச் சுற்றிக் கூர்முனைகள் கொண்ட வேலி அமைக்கிறார். மேய வந்த பசுக்கள் அவ்வேலியில் குத்துண்டு மடிகின்றன. அப்பாவத்தால் சிவன் சாபம் விழுந்து, அக்குடும்பம் பிள்ளைப்பேறின்றிப் போகிறது. குடியேறியவர் செய்யும் முதற் பெருஞ்செயல் வேலியிடுதல். காவியத்தின் முதற் பாவமும் அதுவே.

காங்கேயம் நாட்டுக் கேட்போருக்கு இவ்விடம் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பது எண்ணத்தக்கது. அவ்வட்டாரத்தின் கொறங்காடுகள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் கொண்ட மேய்ச்சல் நிலங்கள். முள் கிளுவையால் உயிர்வேலி அமைத்துப் பட்டி பிரித்து ஆளப்படுபவை. காங்கேயம் மாடுகள் அவ்வேலிக்குள்தான் வளர்கின்றன. வேலி அவர்களுக்கு அன்றாடப் பொருள்; செல்வத்தின் அடையாளம்; பங்காளிகளிடையே வழக்கின் காரணமும்கூட. அத்தகைய மக்கள்முன், வேலியால் மாடு மடிந்ததைத் தலைமுறைச் சாபமாகப் பாடுவதற்குப் பாடகருக்குத் துணிவு வேண்டும். புரவலர் பெரும்பாலும் நிலமுடைய கவுண்டர்களே என்பதை நோக்க, அத்துணிவின் அளவு புலப்படும்.

கற்குவியலில் கிடைத்த வாரிசு

சாபத்துக்குப் பின் கோளாத்தாவுக்கு வாரிசு கிடைக்கும் முறை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. குழந்தை அவர் மனைவியின் வயிற்றில் பிறக்கவில்லை. கற்குவியலுக்கு அடியில் கிடக்கிறது. பசுவொன்று பால் சொரிந்து அதனைக் காக்கிறது. கோளாத்தா அதனைக் கண்டெடுக்கிறார். அக்குழந்தையே குன்னுடையாக் கவுண்டர். ‘குன்றுடையான்’ என்னும் பெயரே நிலத்தோடு ஒட்டியது.

இந்நிகழ்ச்சி இறையருளால் நேர்ந்த அற்புதம் என்ற அளவில் பலராலும் விளக்கப்பட்டுள்ளது. அதன் கதைப்பணி வேறு. வந்தவரின் இரத்தவழி முதல் தலைமுறையோடு அற்றுவிடுகிறது. இரண்டாம் தலைமுறை அந்த மண்ணின் கல்லிலிருந்தே முளைக்கிறது. வேலியில் மடிந்த பசுக்களின் இனமே பாலூட்டி அவனை ஏற்றுக்கொள்கிறது. அரசன் கொடையால் கிடைக்காத ஒன்று, அதாவது ‘இம்மண்ணின் பிள்ளை’ என்னும் தகுதி, இங்குக் கிடைத்துவிடுகிறது. இதன்பின் கதையில் கோளாத்தா குடும்பத்தை எவரும் வந்தவர் எனச் சுட்டுவது எளிதன்று. பின்னர்ப் பங்காளிகளின் வஞ்சத்தால் குன்னுடையாக் கவுண்டர் நிலமிழந்து அலைவதும், தாமரையின் நெடுந்தவமும், மூன்று மக்களின் பிறப்பும் கேட்போரின் பரிவை முழுவதுமாக அக்குடும்பத்தின் பக்கம் ஈர்த்துவிடுகின்றன.

கிளியும் பன்றியும்

வேட்டுவரோடு பகை மூளும் இடத்துக்கு வருவோம். பொதுவான வாசிப்பில், வேட்டுவர் வளர்த்த கொம்பன் என்னும் மாப்பன்றி பொன்னிவள நாட்டின் வயல்களையும் ஏரிக்கரையையும் சிதைக்கிறது. அண்ணன்மார் அதனைக் கொன்று நாட்டைக் காக்கின்றனர். படையெடுப்பும் தற்காப்பும் தெளிவாகப் பிரிந்து தோன்றுகின்றன.

ஆனால் பன்றிக்கு முன்னே கிளி இருக்கிறது. தங்கை அருக்காணித் தங்காள் கிளி வேண்டுமென ஆசைப்படுகிறாள். அண்ணன்மார் அவளுக்காக வேட்டுவர் காட்டுக்குள் நுழைந்து கிளி பிடிக்கின்றனர். இணையில் ஒன்று சிக்க, மற்றொன்று தப்பி வேட்டுவரிடம் முறையிடுகிறது. அதன் பின்னரே வேட்டுவர் பகை வெளிப்படுகிறது. எல்லையை முதலில் கடந்தவர் அண்ணன்மாரே என்பதைக் கதை அத்துணை வெளிப்படையாகக் கூறுகிறது. மணப்பாறையை அடுத்த வீரப்பூர்த் திருவிழாவிலும் கிளி பிடிக்கும் நிகழ்ச்சி இடம்பெறுவதால், அது கதையின் ஓரத்துக் குறிப்பன்று, நடுப்பகுதியே என்பதும் தெளிவு.

கொம்பனின் செயலும் இவ்வொளியில் வேறாகிறது. பன்றி தாக்குவது அரண்மனையையோ படைவீட்டையோ அன்று, பயிரையும் ஏரிக்கரையையும். காட்டை வயலாக்கிய கருவிகளையே அது குறிவைக்கிறது. வேட்டுவர் போர் என்பது உழவின் பரவலுக்கு எதிரான போர். அதனைப் பன்றியின் உருவில் வைத்ததால், வேட்டுவரின் வழக்கு ஒரு விலங்கின் வெறியாகக் கரைந்துவிடுகிறது. பேச்சற்ற பகைவனோடு நியாயம் பேச வேண்டியதில்லை. காவியத்தின் அறப்பிழை எனக் கூறத்தக்கது இதுவே, கலைத்திறமும் இதுவே.

கம்மாளர் இழந்தவை

வேட்டுவரைவிடவும் விரைவாக ஆய்வுகளால் மறக்கப்பட்டோர் கைவினைஞர். கதையில் அவர்கள் வஞ்சகராகவும் வேளாளரோடு ஓயாது மோதுவோராகவும் வருகின்றனர். கொங்குச் சமூகத்தை வலங்கை, இடங்கை எனப் பிரித்து ஆராய்ந்த பெக், நிலத்தோடு பிணைந்த வலங்கையினருக்கும் நிலச்சார்பற்ற கைத்தொழில் இடங்கையினருக்கும் இருந்த பூசலின் தடமாக இதனைக் கொண்டார் (1972). இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. எனினும் அது பூசலைச் சமநிலையினர் இருவரின் போட்டிபோல் ஆக்கிவிடுகிறது.

கல்வெட்டுகள் காட்டும் நிலை அதனினும் கசப்பானது. கரூரிலுள்ள, கோனேரின்மைகொண்டான் பெயரிலமைந்த அரசாணை, வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறது: நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். உரிமைப் பட்டியல் என்பது எப்போதும் தலைகீழாக வாசிக்க வேண்டிய ஆவணம். செருப்பணிய அரசாணை தேவைப்பட்ட காலத்தில், செருப்பணிவதைத் தடுத்தவர் யாரோ இருந்தனர். கதையில் வஞ்சகராக வரும் கைவினைஞர், கல்லெழுத்தில் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச இசைவு பெறுவோராகக் காணப்படுகின்றனர்.

நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வுகள் இரும்பு உருக்குதலும் மணிக்கல் வேலையும் அப்பகுதியில் சங்ககாலத்திலேயே செழித்திருந்தமையை நிறுவியுள்ளன. அக்கைவினைஞரே கதையின் கைவினைஞர் எனச் சொல்வது மிகை. இடையில் கிடக்கும் நூற்றாண்டுகள் பல. ஆனால் கைத்தொழிலினர் அந்நிலத்தில் முந்தையோர் என்று கதை கூறுவது வெறுங்கற்பனை அன்று என்ற அளவுக்கேனும் கொடுமணல் சான்றாகும்.

மறுஆக்கங்களில் மறைந்தவை

உடுக்கைப் பாடல் இம்முரண்களைச் சுமந்துகொண்டே வீரத்தைப் பாடியது. அச்சுக்கும் திரைக்கும் வந்தபோது சுமை குறைந்தது. மு. கருணாநிதியின் ‘பொன்னர்-சங்கர்’ வரலாற்றுப் புதினமாக உருவெடுத்தது. அதனைத் தழுவிய திரைப்படம் 2011இல் வெளிவந்தது. கோட்டைகளும் அரச உடைகளும் நிறைந்த அவ்வுலகில் உழவரே மன்னராகிவிடுவதால், காடு வயலான வரலாறு பின்னுக்குப் போய்விடுகிறது. பெக் பின்னாளில் கனடாவிலிருந்து உருவாக்கிய 26 பகுதி அசைவூட்டத் தொடர் கதையின் முன்தலைமுறைகளை விடாமல் சொல்கிறது என்பது அதன் சிறப்பு. ஆனால் உலகப் பார்வையாளர்க்கு அது கற்பனை உலகக் கதையாகவே சென்றுசேர்கிறது. கற்பனை உலகில் வேட்டுவர் வெறும் ‘பகை இனம்’. காங்கேயத்திலோ அவர்கள் வழி வந்தோராகத் தம்மைக் கருதும் வேட்டுவக் கவுண்டர்கள் அடுத்த ஊரில் வாழ்கின்றனர்.

ஆங்கிலக் கற்பனைப் புனைவின் மூலநூலாகக் கருதப்படும் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) இங்கு நினைக்கத்தக்கது. அதில் ரோஹன் நாட்டுக் குதிரைவீரர்கள் கோண்டோர் ஆட்சியாளர் கொடுத்த நிலத்தில் குடியேறியவர்கள். அந்நிலத்தை இழந்த டன்லண்ட் மக்கள் பின்னர்ப் பகைவனோடு சேர்ந்து படையெடுத்து வரும்போது, வாசகர் கண்ணுக்கு அவர்களே காட்டாளர். தொலைவரசனின் கொடை, குடியேற்றம், இழந்தோரின் சீற்றம், அச்சீற்றத்துக்குப் படையெடுப்பு எனப் பெயர்: கொங்குக் கதையின் எலும்புக்கூடே அது. வேறுபாடு ஒன்று உண்டு. டோல்கீனின் குடியேறிகள் போரின் முடிவில் வாழ்கின்றனர்.

உழைப்பு என்னும் உரிமைப்பத்திரம்

கோளாத்தா நிலம் பெற்றது உழைப்பால் என்கிறது கதை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் உயர்ந்த கவுண்டர் சமூக முதலாளிகளை ஆராய்ந்த ஷரத் சாரி (2004), அவர்கள் தம் ஏற்றத்துக்குத் தரும் முதன்மைக் காரணம் தம் சொந்த உழைப்பே என்பதைப் பதிவுசெய்து, அவ்வுழைப்புக் கதை பிறர் உழைப்பின்மீது செலுத்திய ஆதிக்கத்தையும் மூடுகிறது எனக் காட்டினார். காவியத்தில் அப்பிறர் சாம்புகன். அண்ணன்மாரின் தாழ்த்தப்பட்ட குலத்து ஏவலாளனாகிய அவன் அவர்களின் அரும்பணிகளில் எல்லாம் முன்னிற்கிறான். நிலத்தில் அவனுக்குப் பங்கில்லை.

இன்று திருப்பூரின் பனியன் நிறுவனங்களில் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருந்தொகையாகப் பணிபுரிகின்றனர். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, வந்தவர் யார், இருந்தவர் யார் என்ற பேச்சு அந்நகரில் மீண்டும் எழுந்தது. பஞ்சத்தில் புறப்பட்டு, பிறனிடம் உழைத்து, இடம்பெற்ற ஒருவனின் கதையைத் தன் குலதெய்வக் கதையாகக் கொண்ட வட்டாரம் அது என்பதை அப்பேச்சில் எவரும் நினைவூட்டவில்லை.

காவியத்தின் முடிவுக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. அண்ணன்மார் வேட்டுவர் அம்பால் வீழ்வதில்லை. கொம்பனைக் கொன்று, வேட்டுவரையும் வென்றபின், தெய்வக் குறிப்பறிந்து பதினாறாம் வயதில் தம் வாளிலேயே வீழ்கின்றனர். தங்காள் தேடிச்சென்று சிறுபொழுது உயிர்ப்பித்தும் அவர்கள் தங்கவில்லை. இருவருக்கும் பிள்ளையில்லை. வேலியில் மடிந்த பசுக்களுக்காக முதல் தலைமுறையில் விழுந்த சாபத்தின் வடிவம், எல்லாப் பகையும் அடங்கிய பிறகு, கடைசித் தலைமுறையில் அவ்வாறே திரும்பி நிற்கிறது.