நீரில் கரைந்த மெருகு

மரச்சாமான்களுக்கு நீர் சார்ந்த வார்னிஷைக் கையால் பூசும் வேலை, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, ஈரத்துணியில் தொடங்கிவிடுகிறது. ஈரம் பட்டால் மேற்பரப்பின் நார்கள் உப்பிச் சிலிர்த்து நிற்குமாதலால், தேர்ந்த தச்சர் பலகையை முன்கூட்டியே நனைத்து உலரவிட்டு, எழுந்த நார்களை 220 அல்லது 320 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே இலேசாகத் தேய்த்து அகற்றிவிடுகிறார். பாலைப்போல் வெளுத்துத் தோன்றும் இவ்வார்னிஷில் அக்ரிலிக், பாலியூரித்தேன் போன்ற பிசின்களின் நுண்துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாக ஆவியாக அவை நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து, தெளிந்த படலமாகின்றன. விரைவில் உலரும் இயல்புடையதாதலால், செயற்கை இழைத் தூரிகையை (விலங்குமயிர்த் தூரிகை நீரை உறிஞ்சித் துவண்டுவிடும்) விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே இழுப்பில் ஓட்டிவிட்டு, இறுகத் தொடங்கிய இடத்தை மறுபடி தொடாமல் கையை அடக்கிக்கொள்வதே இவ்வேலையில் அரிய பகுதி. சிறு குமிழைக் கண்டு திரும்பத் தடவியவருக்கு எஞ்சுவது தூரிகைத் தடமே. பூச்சுகளுக்கிடையே ஸ்டீல் உல் கொண்டு தேய்ப்பதும் ஆகாது; உதிர்ந்த துணுக்குகள் அடுத்த பூச்சின் ஈரத்தில் துருவேறிப் புள்ளிகளாகும். எண்ணெய் வார்னிஷ் தேக்குக்குத் தரும் தேன்நிறம் இதில் கிட்டாதென்பது மெய்யான குறை. ஆயினும் மேப்பிள் போன்ற வெளிர்மரங்களை மஞ்சளாக்காமல் காப்பதில் இதற்கே முதலிடம்.