உரையில்லா ஒளிபரப்பு: கெர்ரி ஷூமின் தொலைக்காட்சிக் கலைக்கூடம்

ஐரோப்பியப் பொது ஒளிபரப்பு நிறுவனங்கள் கலையை மக்களிடம் கொண்டு சென்ற வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கென்னத் கிளார்க்கின் 'சிவிலைசேஷன்' தொடரையே முதலில் சுட்டுவர். பிபிசி 1969இல் 13 பகுதிகளாக ஒளிபரப்பிய அத்தொடரில், கலைப்பொருளுக்கும் பார்வையாளருக்கும் இடையே அறிஞர் ஒருவர் நின்று விளக்கிக்கொண்டே இருந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், மேற்குப் பெர்லினின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.எஃப்.பி., கெர்ரி ஷூம் உருவாக்கிய 'லேண்ட் ஆர்ட்' நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. எட்டுக் கலைஞர்களின் படைப்புகள் அதில் இடம்பெற்றன. படைப்புகள் ஓடுகையில் விளக்கும் குரல் எதுவும் ஒலிக்கவில்லை.

ஷூம் தொலைக்காட்சித் திரையையே கலைக்கூடமாகக் கருதினார். அக்கருத்தின் வலிமையை யான் டிபெட்ஸின் படைப்பு நன்கு உணர்த்துகிறது. நெதர்லாந்துக் கடற்கரை மணலில் இயந்திர வண்டி ஒரு சரிவகத்தை வரைகிறது. சேய்மையிலுள்ள பக்கம் நீண்டும் அண்மையிலுள்ள பக்கம் குறுகியும் இருப்பதால், படக்கருவியின் கோணத்தில் அது செவ்வகமாகத் தோன்றுகிறது. பின்னர்க் கடலலை அதனை அழித்துவிடுகிறது. கரையில் வேறிடத்தில் நின்றவர் அச்செவ்வகத்தைக் கண்டிருக்க இயலாது; அது திரையில் மட்டுமே உள்ளது. இதற்கு விளக்கவுரை சேர்ப்பது பார்வையாளர் தாமே கண்டறிய வேண்டியதைப் பறிப்பதாகும். மூலத்தைப் படிக்குமுன் உரையைப் புரட்டும் மாணவரை நாமும் அறிவோம் அல்லவா?

விளம்பர வருவாயை மட்டும் நம்பிய நிலையமொன்று இத்தகைய மௌனத்திற்கு இடமளித்திருக்குமா என்பது ஐயமே. கட்டணம் செலுத்தும் பொதுமக்களின் நிறுவனம் என்பதாலேயே அது இயன்றது. ஆயினும் அப்பொதுமக்களுக்கு விளங்க வேண்டும் என்னும் அதே பொறுப்பின் பெயரால்தான் விளக்கவுரையும் கோரப்பட்டது. ஷூம் இணங்கவில்லை, எஸ்.எஃப்.பி. அடுத்த நிகழ்ச்சியை ஏற்கவில்லை. பொதுமக்களின் புரிதிறனை நிறுவனம் குறைத்து மதிப்பிட்டது என்பதே என் கருத்து. 1969 திசம்பர் இறுதியில் மேற்கு ஜெர்மனியின் மற்றொரு பொது நிலையமான டபிள்யூ.டி.ஆர்., இரவு நிகழ்ச்சிகளின் முடிவில் டிபெட்ஸின் எரியும் கணப்புத் தீயை மட்டும் காட்டியது. அதற்கு எவ்வுரை வேண்டும்?

இரண்டாம் நிகழ்ச்சியான 'ஐடென்டிஃபிகேஷன்ஸ்' 1970இல் பாடன்-பாடனிலுள்ள வேறொரு பொது நிலையத்தின் வழி வெளிவந்தது. 1971இல் ஷூம் டுசல்டோர்ஃப் நகரில் வீடியோ கலைக்கூடம் திறந்து, கலைஞர்களின் ஒளிநாடாக்களை விற்கலானார், 1973இல் மறைந்தார். தொலைக்காட்சிப் பெட்டியுள்ள எந்த வீட்டிலும் காணக் கிடைத்த கலைவகை, சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் விலைகொடுத்து வாங்கும் பொருளாயிற்று.